சம் என்பது எந்த ஆண்டு?

காசிக்கு அண்மையிலுள்ள சாரநாத்தில் 1904-05ஆம் ஆண்டுகளில் ஏர்டெல் என்பார் நடத்திய அகழாய்வில், ஆள் உயரத்தை விஞ்சி நிற்கும் போதிசத்துவர் சிலையொன்று வெளிப்பட்டது. வடமதுரையின் செம்மணற்கல்லில் வடித்து அங்கிருந்து கொணரப்பட்ட சிலை அது. நிறுவியவர் பாலர் என்னும் பிக்கு. சிலைக்கு மேல் விரிந்திருந்த கற்குடையின் தண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. அது மகாராசன் கனிஷ்கனின் பெயரைக் கூறி, அதனையடுத்து, ‘சம் 3 ஹே 3 தி 20 2’ என்று காலம் குறிக்கின்றது.

‘ஹே’ என்பது ஹேமந்தம், அதாவது முன்பனிப் பருவம். ‘தி’ என்பது திவசம், நாள். ‘20 2’ என்று பிரித்து எழுதியிருப்பது இருபத்திரண்டைக் குறிக்கும். பத்துக்கும் நூறுக்கும் தனிக்குறி வைத்திருந்த பழந்தமிழ் எண்முறையை அறிந்தார்க்கு இது புதிதன்று. ‘சம்’ என்பது சம்வத்சரம் என்னும் சொல்லின் முதலசை. ஆக, மூன்றாம் ஆண்டு, முன்பனியின் மூன்றாம் திங்கள், இருபத்திரண்டாம் நாள். நாள் வரையில் துல்லியமாகச் சொல்லிவிட்ட அந்தத் தச்சன் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு என்றால், எதிலிருந்து மூன்றாம் ஆண்டு?

அவனைக் குறை கூறுவதற்கில்லை. அவன் காலத்தில் அக்கல்லின் முன் நின்று படித்தவர் எவருக்கும் அந்த ஐயம் எழுந்திராது. இம்மலரின் அட்டையில் ‘ஆண்டு 10’ என்று மட்டும் அச்சிட்டாலும் நம் வட்டத்து அன்பர்களுக்கு அது போதும். எழுநூறு ஆண்டுகள் கழித்து மேலுறை கிழிந்த படியொன்றைக் கையிலெடுப்பவர்தாம் திகைப்பார். சுருக்கம் என்பது உடனிருப்பவரை நம்பி எழுதப்படுவது. பின்னால் வருவோரை அது எண்ணிப் பார்ப்பதில்லை. வடநாட்டு வரலாற்றில் பல நூற்றாண்டுகள் இந்த ஓரசைச் சொல்லின் மேல் ஊசலாடிக்கொண்டிருந்தன என்றால் அது மிகையன்று. கனிஷ்கன் காலம், குப்தர் காலம், நேபாள அரசர் காலம், அவற்றோடு காளிதாசன் காலம் ஆகிய அனைத்தும் ‘சம்’ என்பதை எப்படி விரிப்பது என்னும் வினாவோடு பிணைந்து கிடந்தன.

விரிப்பதற்கு வழிகள் பல இருந்தமையே தொல்லை. கி.மு. 57ஐ ஒட்டித் தொடங்கும் விக்கிரம ஆண்டுக்கும் சம் என்றே எழுதினர். கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டுக்கும், மத்திய இந்தியாவில் வழங்கிய, கி.பி. 248ஐ ஒட்டிய களசூரி ஆண்டுக்கும், 319ஐ ஒட்டிய குப்த ஆண்டுக்கும், 606இல் தொடங்கிய ஹர்ஷ ஆண்டுக்கும் அதே எழுத்துத்தான். இவையல்லாமல், அரசன் முடிசூடிய நாள்முதல் எண்ணும் ஆட்சியாண்டையும் அதே அசையால் குறித்தனர். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகளிலிருந்து பிறந்த கணக்குகள் இவை. ஒன்று சகருடையது, ஒன்று சகரின் பகைவருடையது என்று மரபு கூறும். ஆயினும் கல்லின் மேல் எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

கனிஷ்கனை எடுத்துக்கொள்வோம். அவனும் அவன் வழிவந்தோரும் வெட்டுவித்த கல்வெட்டுகளில் ஆண்டெண் 1 முதல் 98 வரை தொடர்ந்து செல்கின்றது. எனவே அவன் தொடங்கிய கணக்கை அவன் மரபினர் நிறுத்தாமல் எண்ணி வந்தனர் என்பது தெளிவு. ஆனால் அந்த முதல் ஆண்டு எது? கி.மு. 58 என்றார் ஃபிளீட். கி.பி. 78, சக ஆண்டே அது, என்றனர் பெர்குசனும் ஓல்டன்பர்க்கும். 144 என்றார் கிர்ஷ்மன். 248 என்றார் ஆர். சி. மஜும்தார். 278 வரைக்கும் கொண்டுபோனார் ஆர். ஜி. பண்டார்கர். ஒரே மன்னனை முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் அறிஞர்கள் இப்படித் தூக்கித் தூக்கி வைத்தனர். 1913இல் இதற்கென்றே இலண்டனில் அறிஞர் கூடி வாதிட்டனர், முடிவு காணவில்லை. 1960இல் மறுபடியும் அதே நகரில் கூடினர். அப்போதும் முடிவு காணவில்லை. அங்குப் படித்த கட்டுரைகள் பேராசிரியர் பாஷம் தொகுக்க 1968இல் தடித்த நூலாக வெளிவந்தன.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல் முளைத்தது. மதுராவில் கிடைத்த புத்தர் சிலையொன்றின் பீடம் கனிஷ்கனின் பெயரையும் ஆண்டு 14 என்பதையும் கூறுகின்றது. எழுத்தமைதியையும் சிற்ப அமைதியையும் நோக்கினாலோ அது குஷாணர் காலத்தின் கடைக்கூற்றுக்கு உரியதாகத் தோன்றுகின்றது. டச்சு நாட்டு அறிஞர் வான் லோஹுய்சன் டி லேவ் அம்மையார் 1949இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நூறு கடந்தபின் மக்கள் நூறைச் சொல்லாமலே விட்டனர். 14 என்பது 114 என்பதாகும் என்றார் அவர். ‘அறுபத்தேழில் நடந்த தேர்தல்’ என்று நாம் பேசும்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை விழுங்கிவிடுவதில்லையா? அதுபோலத்தான். சுருக்கத்திற்குள் மற்றொரு சுருக்கம் ஒளிந்திருந்தது. சொல்லை ஓரசையாக்கியவர்கள் எண்ணையும் விட்டுவைக்கவில்லை.

பிந்திய சான்றுகள் இரண்டைச் சுட்ட வேண்டும். 1993இல் ஆப்கானிஸ்தானத்தின் ரபாதக் என்னுமிடத்தில், கிரேக்க எழுத்தில் பாக்திரிய மொழியில் அமைந்த கனிஷ்கனின் கல்வெட்டு கிடைத்தது. அவனுக்கு முன்னிருந்த மூன்று தலைமுறை அரசர்களை அது வரிசையாகக் கூறுவதால் வம்சமுறை நேர்ப்பட்டது. 2001இல் ஹாரி ஃபால்க் என்னும் செருமானிய அறிஞர், யவனஜாதகம் என்னும் சோதிட நூலில் குஷாண ஆண்டுக்கும் சக ஆண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூறும் செய்யுளொன்றை எடுத்துக்காட்டினார். அக்கணக்கு கி.பி. 227இல் ஒரு குஷாண நூற்றாண்டின் தொடக்கத்தைக் காட்டுகின்றது. விடுபட்ட நூறைக் கழித்தால் 127. இன்று பலரும் கொள்ளும் கனிஷ்கனின் முதலாண்டு இதுவே. அச்செய்யுளின் பாடத்தைப் பற்றி ஐயம் எழுப்புவோரும் உளர்.

எல்லாக் கல்தச்சரும் இவ்வளவு சிக்கனக்காரர் அல்லர். பெஷாவரைச் சார்ந்த தக்த்-இ-பாஹியில் கிடைத்த கல்வெட்டு கொண்டோபர்னஸ் என்னும் மன்னனின் ஆட்சியாண்டு 26 என்றும், அதையடுத்து வேறொரு சொல்லால் தொடராண்டு 103 என்றும் இரு கணக்குகளையும் பிரித்துக் கூறுகின்றது. இம்மன்னனின் பெயர் நமக்கு வேறு வகையிலும் தொடர்புடையது. பரங்கிமலை மரபு போற்றும் தோமையார், இந்தியாவில் குந்தபர் என்னும் அரசனின் அவைக்கு வந்தார் என்று சிரியாக் மொழிப் பழநூலொன்று கூறும். அவ்வரசன் வெறும் கற்பனை என்றே பலகாலம் கருதப்பட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் காசுகள் கிடைத்தன; இக்கல்வெட்டு அவன் காலத்தையும் காட்டியது. 103ஐக் கி.மு. 57ஐ ஒட்டிய கணக்கில் வைத்தால் கி.பி. 46 ஆகும்; பிற்கால ஆய்வாளர் சிலர் கூறுமாறு பத்தாண்டு தள்ளி வைத்தால் 56 ஆகும். எப்படியாயினும் தோமையாரின் வாழ்நாளுக்குள் அம்மன்னன் அடங்குகின்றான். அவர் அங்கு வந்தாரா என்பது வேறு கேள்வி. அதற்குக் கல்லில் விடையில்லை.

நேபாளத்துச் செய்தி இன்னும் வியப்புக்குரியது. காத்மாண்டு பள்ளத்தாக்கின் சாங்கு நாராயணர் கோயிலில் மானதேவன் என்னும் லிச்சவி மன்னன் நாட்டிய தூணில் சம்வத் 386 என்றுள்ளது. பகவான்லால் இந்திரஜி அதனை விக்கிரம ஆண்டாகக் கொண்டு கி.பி. 329 என்றார். ஃபிளீட் குப்த ஆண்டாகக் கொண்டு 705 என்றார். இருவரும் பேரறிஞர், இருவரும் எண்ணைச் சரியாகவே படித்தனர். இன்று அது சக ஆண்டு எனத் தெளிந்து கி.பி. 464 என்று கொள்ளப்படுகின்றது. ஒரு தூண், ஓர் எண், மூன்று நூற்றாண்டுகள்!

இனி, இலக்கியத்தோடு நெருங்கிய பகுதிக்கு வருவோம். குப்தரின் கல்வெட்டுகளிலும் அவர்க்குப் பின் கத்தியவாரை ஆண்ட வல்லபி அரசர்களின் செப்பேடுகளிலும் ஆண்டெண்கள் ஏராளம். அவற்றின் தொடக்கம்தான் தெரியவில்லை. 1030ஐ ஒட்டி எழுதிய அல்பிரூனி, குப்த ஆண்டு சக ஆண்டுக்கு 241 ஆண்டுகள் பிந்தியது என்று தெளிவாகவே கூறியிருந்தார். 78உடன் 241ஐக் கூட்டினால் 319. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. குப்தர் கொடியவர் என்றும், அவர்கள் ஒழிந்த நாள்முதல் அவ்வாண்டு எண்ணப்பட்டது என்றும் தாம் கேட்ட செய்தியையும் சேர்த்து எழுதிவிட்டார். எண்ணை நம்புவதா, கதையை நம்புவதா? கதையை நம்பியவர்கள் 319இல் குப்தர் அழிந்தனர் என்று கொண்டு, அவர்களின் ஆட்சியை அதற்கு முன்னே தள்ளினர். கன்னிங்காம் குப்த ஆண்டின் தொடக்கம் கி.பி. 166 என்று கணித்தார்.

இதே காலத்தில் பெர்குசன் வேறொரு கோட்பாட்டை முன்வைத்தார். விக்கிரம ஆண்டு என்பது உண்மையில் கி.பி. 544இல் நிகழ்ந்த ஒரு வெற்றியை நினைத்து உண்டாக்கப்பட்டது. பெருமைக்காக அதனை அறுநூறு ஆண்டு பின்னோக்கித் தள்ளிக் கி.மு. 57இல் தொடங்கியதாகக் காட்டினர் என்றார் அவர். மாக்ஸ் முல்லர் இதனை ஏற்று, வடமொழி இலக்கியம் பல நூற்றாண்டுகள் உறங்கிக்கிடந்து ஆறாம் நூற்றாண்டில்தான் விழித்தெழுந்தது என்றும், காளிதாசன் அந்த விழிப்பின் மகன் என்றும் 1883இல் எழுதினார். அவர் பெயரின் வலிமையால் அக்கருத்து எங்கும் பரவியது. விக்கிரம ஆண்டில் குறித்த, 544க்கு முற்பட்ட ஒரேயொரு கல் கிடைத்தால் அக்கட்டடம் முழுவதும் சரிந்துவிடும். அக்கல் கிடைத்தது.

மாளவ நாட்டு மந்தசோரில் கிடைத்த கல்வெட்டு அது. இலாட நாட்டிலிருந்து, அதாவது இன்றைய தென் குசராத்திலிருந்து, குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர்கள் தங்கள் குழுவின் பொருளால் கதிரவனுக்குக் கோயில் எடுத்தனர். பின்னர்ச் சிதைந்த பகுதியைத் தாமே புதுப்பித்தனர். அச்செய்தியை வத்சபட்டி என்னும் புலவன் செய்யுளாக யாத்தான். அரசர் எடுத்த கோயில்களைப் பற்றிய புகழுரைகளுக்கிடையில், நெசவாளர் தம் தொழிலையும் தம் ஊரையும் பற்றிப் பெருமிதத்தோடு பேசும் அக்கல்வெட்டு தனித்துப் படிக்கத்தக்கது. கோயில் எழுந்தது குமாரகுப்தன் உலகாண்டபோது, அவன்கீழ் பந்துவர்மன் அவ்வூரை ஆண்டபோது. ஆண்டு, மாளவர் கணத்தின் 493. புதுப்பித்தது அதே கணக்கில் 529. புலவன் வெறும் ‘சம்’ என்று விட்டிருந்தால் நாம் இன்னும் இருட்டில் இருந்திருப்போம். மாளவர் ஆண்டு என்று பெயர் சொன்னான்.

மாளவர் ஆண்டே பின்னாளில் விக்கிரம ஆண்டு எனப் பெயர்பெற்றது. அதன்படி 493 என்பது கி.பி. 436. குமாரகுப்தனின் மற்றக் கல்வெட்டுகளோ, பில்சட் தூணில் 96, மன்குவார் புத்தர் சிலையில் 129 என்று குப்த ஆண்டில் அமைந்தவை. அல்பிரூனியின் 319ஐக் கூட்டினால் அவை 415, 448 ஆகின்றன. 436 அவற்றின் நடுவே சரியாக வந்து அமர்கின்றது. கன்னிங்காமின் 166ஐக் கூட்டினால் 262, 295 ஆகும். 436 எட்டாத் தொலைவில் நிற்கும். அல்பிரூனியின் எண் மெய், கதை பொய் என்பது ஐயமற விளங்கியது. ஃபிளீட் இதனை 1888இல் தம் குப்தர் கல்வெட்டுத் தொகுதியில் நிலைநாட்டினார். ஏரண் என்னும் ஊரின் தூணில் புதகுப்தன் காலத்து ஆண்டு 165, ஆடித் திங்கள் வளர்பிறைத் துவாதசி, வியாழக்கிழமை என்றிருப்பதை மராத்திய வானியல் அறிஞர் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதர் கணித்துக் கொடுத்தார். 484ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் வியாழக்கிழமையாகவே இருந்தது. நாட்டுப் பஞ்சாங்க முறையை நன்கறிந்த இந்த ஆசிரியரின் உழைப்பின்றி ஃபிளீட்டின் முடிவு இத்துணை உறுதி பெற்றிராது. ஆயினும் நம் பாடநூல்களில் அவர் பெயர் காண்பதரிது.

மாக்ஸ் முல்லரின் ஆறாம் நூற்றாண்டு விழிப்பு அத்துடன் முடிந்தது. 436ஐச் சொல்லி 473இல் எழுதப்பட்ட அச்செய்யுள்களிலேயே காளிதாசனின் நடைச் சாயல் படிந்திருப்பதை வடமொழி அறிஞர் பலர் எடுத்துக்காட்டினர். மகாகவி ஒருவன் நூறாண்டு முன்னே நகர்ந்தான். அவனை நகர்த்தியவர்கள் பட்டு நெசவாளர்கள். விக்கிரமாதித்தனுக்கோ அத்துணை நற்பேறில்லை. தொடக்கத்தில் அந்த ஆண்டைக் கிருத ஆண்டு என்றும், பின்னர் மாளவர் ஆண்டு என்றும்தான் கல்வெட்டுகள் வழங்கின. விக்கிரமன் பெயர் அதனோடு ஒட்டிக்கொள்வது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், விக்கிரம ஆண்டு 898க்குரிய தோல்பூர்க் கல்வெட்டை ஒட்டியே காண்கிறோம். சக ஆண்டோடு சாலிவாகனன் பெயர் சேர்ந்தது இன்னும் பிந்தி. விசயநகரக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் அதனை மிகுதியாகக் காணலாம். வேதாளம் விக்கிரமனிடம் கேட்காமல் விட்ட கேள்வி இது ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் ‘சம்’ இல்லை. ஆனால் அதன் உடன்பிறப்புகள் உண்டு. ‘கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு மூன்றாவது’ என்று ஒரு கல் சொன்னால், அப்பரகேசரி விசயாலயனா, முதற் பராந்தகனா, ஆதித்த கரிகாலனா, உத்தம சோழனா, முதல் இராசேந்திரனா? இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்கள் மாறி மாறி வந்தமையால் அத்தனை பேருக்கும் அது பொருந்தும். மதுரை கொண்ட, பாண்டியன் தலை கொண்ட என ஓர் அடைமொழி முன்னே நின்றால் தப்பித்தோம். சமயத்தில் கிழமையும் நாண்மீனும் கூறப்பட்டிருக்கும். கீல்ஹார்னும் பின்னர் நம் சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் அவற்றைக் கொண்டே சோழ பாண்டியர் காலத்தைக் கணித்தனர். பிள்ளையவர்கள் 1922இல் முடித்த பஞ்சாங்கப் பெருந்தொகுதி 700 முதல் 1799 வரையுள்ள ஆண்டுகளை நாள்தோறும் விரித்துரைப்பது. குஷாணர் கல்வெட்டுகளில் கிழமை கூறும் வழக்கமே இல்லாமையால் அத்தகைய கணக்கர் எவரும் கனிஷ்கனுக்கு உதவ முடியவில்லை. அறுபதாண்டுச் சுழற்சியும் இப்படித்தான். பிரபவ என்று மட்டும் எழுதிய பழங்கடிதம் 1867க்கும் உரியதாகலாம், 1927க்கும் உரியதாகலாம்.

பல்லவரோ ஆட்சியாண்டு ஒன்றையே நம்பியிருந்தனர். அவர்கள் காலத்தை நமக்குத் தந்தவர்கள் அவர்தம் பகைவர். இரண்டாம் புலிகேசியின் புகழை இரவிகீர்த்தி பாடிய அய்கொளெக் கல்வெட்டு, பல்லவர் கோமான் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினான் என்று எள்ளி நகையாடுகின்றது. அதே மூச்சில், சக மன்னர் ஆண்டு 556 என்றும் பாரதப் போருக்குப் பின் 3735 என்றும் இரு கணக்குகளைப் பெயரோடு தருகின்றது. அது கி.பி. 634. வாதாபியில் நரசிம்மவர்மனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது; அந்நகர் வீழ்ந்தது 642 என்று கொண்டு அவன் முடிசூடிய ஆண்டைக் கணிக்கிறோம். மகேந்திரவர்மன் காலமும், அவனோடு சேர்த்துத் திருநாவுக்கரசர் காலமும், வாதாபி சென்று மீண்ட சிறுத்தொண்டர் காலமும் இந்த அச்சில்தான் சுழல்கின்றன. நம் பத்தி இலக்கியத்தின் கால வரிசைக்குக் கடைக்கால் இட்டது ஒரு சளுக்கியப் புலவனின் இறுமாப்பு என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

சுருக்கத்தின் இடரை உணர்ந்து ஒரு கல்வெட்டு எழுந்திருக்குமாயின், அது குசராத்துக் கடற்கரையில் வேராவலில் உள்ளதுதான். கர்னல் டாட் தம் பயணத்தில் கண்டு உலகுக்கு அறிவித்தது அது. ஹோர்முஸ் துறைமுகத்து மரக்கல உரிமையாளரான நூருத்தீன் பிரோஸ் என்பவர், சோமநாதபுரத்தில் பள்ளிவாசல் கட்ட நிலம் பெற்றார். வாகேல மன்னன் அர்ச்சுனதேவன் காலம். ஊர்ப் பெரியோரும் சைவ ஆசாரியரும் உடன்பட்ட ஆவணம் வடமொழியில் கல்லில் வெட்டப்பட்டது. அரபு மொழியிலும் ஒரு கல் உண்டு. வடமொழிக் கல்லின் தொடக்கத்தில் நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன: இரசூல் முகமதின் சம்வத் 662, விக்கிரம சம் 1320, வல்லபி சம் 945, சிம்ம சம் 151. ஆடித் தேய்பிறை பதின்மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நான்கும் கி.பி. 1264இல் வந்து கூடுகின்றன. வல்லபி அரசு அழிந்து ஐந்நூறு ஆண்டு ஆகியும் அதன் கணக்கு அக்கடற்கரையில் உயிரோடிருந்தது என்பதும், அது குப்த ஆண்டே என்பதும், 945உடன் 319ஐக் கூட்டிப் பார்ப்பவர்க்குப் புலனாகும்.

நான்கு முறையும் அதே சம்தான். ஆனால் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெயர் நிற்கின்றது. எழுதுவித்தவர்கள் வணிகர், ஒப்பந்தத்தில் கையிட்டவர்கள் வெவ்வேறு கணக்கில் நாள் எண்ணியவர்கள். எவரும் பின்னால் ‘நான் வேறு ஆண்டென்று நினைத்தேன்’ என்று வழக்காடுதல் கூடாது என்று கருதியிருப்பார்கள் என்றே எனக்குப் படுகின்றது. பள்ளிவாசலுக்கு விட்ட நிலத்தின் வருவாயில் விளக்கெண்ணெய்க்கும் நீருக்கும் ஓதுவோர்க்கும் திருநாட்களுக்கும் செலவு போக எஞ்சுவதை மக்காவுக்கும் மதீனாவுக்கும் அனுப்ப வேண்டும் என்று அந்த ஆவணம் மேலும் விதிக்கின்றது.